அறுபது வரை அணையாத அடுப்பு

நாற்பதைத் தாண்டியவர்கள் எடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாலாவது வாக்கியத்துக்குள் ‘மெட்டபாலிசம்’ வந்துவிடும். இருபத்தைந்து வயதில் எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை. இப்போது தண்ணீர் குடித்தாலே பெருக்கிறது. உள்ளே எரிகிற அடுப்பு தணிந்துபோய்விட்டது, என்ன செய்வது? இந்த விளக்கத்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள், ஜிம் மாஸ்டர்களும் சொல்கிறார்கள், டப்பாவில் பவுடர் விற்கிறவர்களும் சொல்கிறார்கள். கேட்பவருக்கும் அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது: பழி தன் மேல் விழாமல் வயதின் மேல் விழுகிறது. மக்கள் கண்ணால் கண்டதில் பிழையில்லை. நடுவயதில் பெரும்பாலானோருக்கு எடை கூடத்தான் செய்கிறது, கூடியதை இறக்குவது பாடாய்ப் படுத்தத்தான் செய்கிறது. காரணம் சொல்வதில்தான் சறுக்குகிறோம். அடுப்பு தணிவதற்கு இருபது வருடம் முன்பே உடம்பு வேறு ஒரு காரியத்தைத் தொடங்கிவிடுகிறது: தன் எடை எதனால் ஆனது என்பதையே சத்தமில்லாமல் மாற்றிக்கொள்கிறது. எடை இயந்திரத்துக்கு அது தெரியாது. அந்த இயந்திரத்தை மட்டும் நம்பி நாம் செய்கிற வைத்தியம் அந்த மாற்றத்தை இன்னும் வேகப்படுத்திவிடவும் கூடும்.

அடுப்பின் கதையை முதலில் முடித்துவிடலாம். ஒரு மனித உடல் ஒரு நாளில் எவ்வளவு எரிக்கிறது என்று அளப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆளை மூடிய அறைக்குள் வைத்து, அவர் இழுக்கும் ஆக்சிஜனையும் விடும் கரியமில வாயுவையும் அளக்கலாம். ஆனால் அறைக்குள் அடைபட்டவர் சந்தைக்குப் போவதில்லை, மாடிப்படி ஏறுவதில்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதில்லை. இந்தச் சிக்கலை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த நேதன் லிஃப்ஸன் தண்ணீரைக் கொண்டு தீர்த்தார். சாதாரண ஹைட்ரஜனின் கனமான வடிவம் டியூட்டீரியம். சாதாரண ஆக்சிஜனின் கனமான வடிவம் ஆக்சிஜன்-18. இந்த இரண்டும் சேர்ந்த நீரைக் கொஞ்சம் குடிக்க வேண்டும். கதிரியக்கம் கிடையாது. டியூட்டீரியம் உடலை விட்டு வெளியேற நீர் ஒன்றுதான் வழி: சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம். ஆக்சிஜன்-18க்கு இரண்டு வழிகள்: நீராகவும் போகும், கரியமில வாயுவாகவும் போகும். ஆகவே ஆக்சிஜன்-18 கொஞ்சம் சீக்கிரமாகத் தீரும். இரண்டும் தீரும் வேகத்துக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான் அந்த ஆள் வெளிவிட்ட கரியமில வாயு. அதிலிருந்து எரித்த கலோரியைக் கணக்கிட்டுவிடலாம். ஒன்றிரண்டு வாரத்துக்கு அவ்வப்போது சிறுநீர் மாதிரி கொடுத்தால் போதும், ஆள் தன் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருப்பார். லிஃப்ஸன் காலத்தில் இது எலி அளவு உயிர்களுக்குத்தான் கட்டுப்படியானது. ஆக்சிஜன்-18 விற்ற விலை அப்படி. 1982இல்தான் டேல் ஷோலர் இதை மனிதர்களிடம் செய்து காட்டினார்.

அதன் பிறகு பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் சேர்ந்த அளவீடுகளை ஒரே இடத்தில் திரட்டி, ஹெர்மன் பான்ட்ஸரும் அவருடைய சகாக்களும் 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 29 நாடுகள், 6,400 பேருக்கு மேல், பிறந்து எட்டு நாளான சிசுவிலிருந்து 95 வயது முதியவர் வரை. பெரிய உடல் அதிகம் எரிக்கும், சிறிய உடல் குறைவாக எரிக்கும். அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு வயதுக் குழந்தை பெரியவர்களைவிட 50 சதவீதம் வேகமாக எரிக்கிறது. பிறகு அந்த வேகம் மெல்லக் குறைந்து இருபது வயதுவாக்கில் நிலைக்கு வருகிறது. அங்கிருந்து அறுபது வரை கோடு தட்டையாகப் போகிறது. முப்பதில் சரிவு இல்லை, நாற்பதில் இல்லை, மாதவிடாய் நிற்கும் காலத்திலும் இல்லை. உடலின் அளவைக் கழித்துவிட்டால் ஆண், பெண் வித்தியாசமும் இல்லை. அறுபதுக்கு மேல்தான் வருடத்துக்கு 0.7 சதவீதம் என்ற கணக்கில் இறங்கி, தொண்ணூறுகளில் இருப்பவர் நடுவயதினரைவிட 26 சதவீதம் குறைவாக எரிக்கிறார். அதாவது மெட்டபாலிசம் குறைந்துவிட்டது என்று சொல்லும் உரிமை உண்மையில் தாத்தா பாட்டிகளுக்குத்தான் உண்டு. நாற்பத்திரண்டு வயதுக்காரர் அதை முன்கூட்டியே எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறார்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. இவர்கள் உடலின் அளவைக் கழித்துவிட்டல்லவா கணக்குப் போடுகிறார்கள்? கொழுப்பில்லாத உடல்பகுதி எவ்வளவோ அந்த அளவுக்கு எரிகிறது என்கிறார்கள். வயதாக ஆகத் தசையே கரைகிறது என்றால் மொத்த எரிப்பும் குறையத்தானே வேண்டும்? சரியான கேள்வி. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆனால் தொகையைப் போட்டுப் பார்த்தால் கை நிறைய ஒன்றும் வராது. ஓய்வாக இருக்கும் ஒரு கிலோ தசை ஒரு நாளைக்கு எரிப்பது சுமார் 13 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு எரிப்பது நாலரைக் கலோரி. ஓய்வு நேர எரிப்பில் பெரும்பங்கு கல்லீரல், மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுடையது; இதயமும் சிறுநீரகமும் கிலோவுக்கு 440 கலோரி எரிக்கின்றன. ஆக, ஒருவர் மூன்று கிலோ தசையை இழந்து அதே இடத்தில் மூன்று கிலோ கொழுப்பைச் சேர்த்துக்கொண்டால் அவருடைய ஓய்வு நேர எரிப்பு குறைவது 25 கலோரி அளவுக்குத்தான். அரை இட்லி. ஒரு கிலோ தசை ஏற்றினால் தூங்கும்போதும் நூறு கலோரி எரியும் என்று ஜிம் சுவரில் எழுதியிருப்பதற்கு ஆதாரம் கிடையாது. தசை முக்கியம்தான், வேறு காரணங்களுக்காக, அதற்கு வருவோம்.

அப்படியானால் அந்த எடை எங்கிருந்து வந்தது? இருபத்தைந்து வயதில் 60 கிலோ இருந்தவர் ஐம்பத்தைந்தில் 70 கிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 77,000 கலோரிச் சேமிப்பு. முப்பது வருடத்தில் பரப்பினால் நாளைக்கு ஏழு கலோரி. ஒரு வாய் சோறுகூட இல்லை. இந்த இடத்தில் பலரும், அப்படியானால் நாளைக்கு ஏழு கலோரியைக் குறைத்தால் போதுமே என்று தவறாக நினைத்துவிடுவார்கள். அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் கெவின் ஹால் 2011இல் ‘லான்செட்’டில் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி. உடல் பெருத்தால் அதைச் சுமக்கவும் பராமரிக்கவும் செலவு கூடும். ஒவ்வொரு கூடுதல் கிலோவையும் நிலைநிறுத்த நாளொன்றுக்கு சுமார் 24 கலோரி வேண்டும். ஆகவே பத்துக் கிலோ கூடியவர் இன்று தன் பழைய உணவைவிட 240 கலோரி அதிகமாகச் சாப்பிடுகிறார், அல்லது அந்த அளவுக்குக் குறைவாக நடமாடுகிறார், அல்லது இரண்டிலும் பாதிப் பாதி. நாலு இட்லி. அந்த நாலு இட்லி ஒரே நாளில் தட்டுக்கு வரவில்லை. வருடத்துக்கு எட்டுக் கலோரியாக ஊர்ந்து வந்தது. யார் நாக்கும் யார் கண்ணும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எனவேதான், “நான் அன்றைக்குச் சாப்பிட்டதைத்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன்” என்று அவர் மனதாரச் சொல்கிறார். முப்பது வருடத்தில் வந்த மாற்றத்தை மூன்று மாதத்தில் திருப்ப நினைக்கும்போது அந்த 240 கலோரியும் ஒரே நாளில் தட்டிலிருந்து எடுக்கப்படுகிறது; வரும்போது தெரியாதது போகும்போது பசியாகத் தெரிகிறது. அப்படிக் குறைத்தும் பலன் உடனே முழுசாக வராது. ஹாலின் கணக்குப்படி பாதி எடை இறங்க ஒரு வருடமும், ஏறக்குறைய முழுதும் இறங்க மூன்று வருடமும் ஆகும். மூன்றாம் மாதத்தில் எடை நின்றுவிட்டது என்று கைவிடுகிறவர்கள் பலர்.

அதே அளவுதான் சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையை லிஃப்ஸனின் தண்ணீரே சோதித்திருக்கிறது. எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரை நியூயார்க்கில் அளந்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுடைய எரிப்பில் எந்தக் குறையும் இல்லை. சாப்பிட்டதை அவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடல் உழைப்பை ஒன்றரை மடங்காகக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். இதைப் பொய் என்று சொல்வது அநியாயம். தாளித்த எண்ணெயையும், மீந்துவிட்டதே என்று வழித்துப் போட்டுக்கொண்ட சாம்பார் சாதத்தையும், ஆபீசில் மூன்றாவது தடவை வந்த காபியின் சர்க்கரையையும் யாரும் எழுதி வைப்பதில்லை. செலவுப் பக்கமும் இதே கதைதான். மேயோ கிளினிக்கின் ஜேம்ஸ் லெவைன் 16 பேருக்கு எட்டு வாரம், நாளைக்கு ஆயிரம் கலோரி கூடுதலாகக் கொடுத்தார். ஒருவருக்கு 360 கிராம் கொழுப்புதான் ஏறியது. இன்னொருவருக்கு 4 கிலோ 230 கிராம். வித்தியாசத்தை உண்டாக்கியது உடற்பயிற்சி இல்லை. எழுவது, நிற்பது, நடமாடுவது, கைகால் சும்மா இராமல் இருப்பது என்று கணக்கில் வராத அசைவுகள். நடுவயது முதலில் பறிப்பது இந்த அசைவுகளைத்தான். பதவி உயர்ந்தால் நாற்காலி கிடைக்கிறது, கடன் கிடைத்தால் வண்டி கிடைக்கிறது, முழங்கால் வலித்தால் லிஃப்ட். கூடவே மருந்துகளும் சேர்கின்றன: இன்சுலின், சிலவகைச் சர்க்கரை மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர்கள், ஸ்டீராய்டுகள், சிலவகை மனநல மருந்துகள் எல்லாம் எடையைக் கொஞ்சம் ஏற்றக்கூடியவை. இவற்றைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

இதுவரை சொன்னதைப் படித்தால் எல்லாம் பழக்கம்தான், உயிரியலுக்கு இதில் பங்கே இல்லை என்று தோன்றலாம். அதுவும் சரியில்லை. வயது உண்மையாகவே மாற்றுகிற சங்கதிகள் உண்டு. அவற்றில் ஒன்றைக் கண்டுபிடிக்க அணுகுண்டு உதவியது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் குண்டுகளை வெடித்துச் சோதித்ததில் காற்றில் கார்பன்-14 ஏறியது. 1963இன் தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு வருடாவருடம் இறங்கிவந்தது. செடி அதை இழுத்துக்கொள்ளும், நாம் செடியைத் தின்போம். ஆகவே உடலில் உள்ள எந்தப் பொருளிலும் கார்பன்-14 எவ்வளவு என்று பார்த்தால் அது எந்த வருடத்தில் உருவானது என்று சொல்லிவிடலாம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா கழகத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங், பீட்டர் ஆர்னர் ஆகியோரின் குழு மனிதக் கொழுப்பின் வயதை இப்படிக் கணித்தது. கொழுப்புச் செல் ஒன்றின் ஆயுள் சராசரியாகப் பத்து வருடம். அதற்குள் அடைந்திருக்கும் கொழுப்பு அந்தப் பத்து வருடத்தில் ஆறு முறை மாறிவிடுகிறது. தேங்கிக் கிடப்பதாக நாம் நினைக்கும் தொப்பை ஓயாமல் வந்துபோய்க்கொண்டிருக்கும் சரக்கு. அதே குழு 54 பேரைச் சராசரியாக 13 வருடம் தொடர்ந்து கவனித்து 2019இல் எழுதியது: எடை கூடியவர், குறைந்தவர் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் கொழுப்பு வெளியேறும் வேகம் வயதோடு குறைந்திருந்தது. அதற்கு ஈடாக உணவைக் குறைக்காதவர்களுக்குச் சராசரியாக 20 சதவீதம் எடை கூடியிருந்தது. இது பான்ட்ஸரின் முடிவோடு மோதவில்லை. மொத்த எரிப்பு அப்படியே இருக்க, கொழுப்புத் திசுவின் கதவு மட்டும் மெதுவாகத் திறக்கிறது.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலம் இன்னொரு சான்று. அமெரிக்காவில் 1,200க்கு மேற்பட்ட பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2019இல் வந்தது. எடைக் கோட்டை மட்டும் பார்த்தால் அந்தக் காலகட்டத்தில் எந்தத் திருப்பமும் இல்லை. முன்பு ஏறிய அதே சாய்வில் ஏறிக்கொண்டிருக்கிறது. அதனால் மாதவிடாய் நிற்பதற்கும் எடைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். உள்ளே என்ன நடந்தது என்று ஸ்கேனில் பார்த்தபோது கதை மாறியது. மாதவிடாய் நிற்பதற்கான மாற்றம் தொடங்கிய கட்டத்திலேயே கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பானது. அதுவரை கூடிவந்த தசை அப்போதிருந்து குறைய ஆரம்பித்தது. கடைசி மாதவிடாய்க்கு இரண்டு வருடம் பின்புவரை இப்படிப் போய்ப் பிறகு ஓய்ந்தது. ஒன்று ஏற ஒன்று இறங்க, இயந்திரத்தின் முள் மட்டும் எதுவும் நடக்காததுபோல் பழைய வேகத்திலேயே நகர்ந்தது. “வெயிட் ஏறலை, ஆனா பழைய ஜாக்கெட் எதுவும் சேரலை” என்று பெண்கள் சொல்வதை இனியாவது சந்தேகப்படாமல் கேட்கலாம். தூக்கத்திலும் இதே மாதிரி. ஆண்களின் ஆழ்ந்த உறக்கம் இருபது வயதுவாக்கில் மொத்தத் தூக்கத்தில் 19 சதவீதமாக இருந்து, நாற்பதுகளில் மூன்றரை சதவீதத்துக்கு விழுந்துவிடுவதாக 2000இல் ஓர் ஆய்வு கண்டது. தூக்கம் குறைந்தால் எடைக்கு என்ன? சிகாகோவில் பத்துப் பேருக்கு ஒரே அளவு குறைந்த உணவைக் கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கவிட்டார்கள். இரண்டு முறையும் எடை ஏறக்குறைய மூன்று கிலோ இறங்கியது. தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் கெட்டபோது 0.6 கிலோதான். மீதியெல்லாம் கொழுப்பில்லாத உடல்பகுதி.

என் வாதத்தின் மையம் இந்த இடம்தான். எடை இறங்குகிறது என்றால் கொழுப்பு மட்டும் இறங்குவதில்லை. தசையும் சேர்ந்து போகிறது. இளைஞருக்கு அது பெரிய சேதமில்லை, திரும்பக் கட்டிக்கொள்வார். வயதானால் அந்தக் கட்டுமானம் மந்தமாகிறது: ஒரு வேளை உணவில் இளைஞரின் தசையைத் தூண்டக் கிலோ எடைக்கு கால் கிராம் அளவு புரதம் போதும் என்றால், எழுபது வயதினருக்கு 0.4 கிராம் தேவைப்படுகிறது. மாதவிடாய் நின்ற, பருமனான பெண்களை உணவுக்கட்டுப்பாட்டில் எடை குறைக்கச் செய்து, பிறகு ஒரு வருடம் அவர்கள் போக்கில் விட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. ஒவ்வொரு கிலோ கொழுப்பு போனபோதும் 260 கிராம் தசைப்பகுதி கூடப் போனது. எடை திரும்பியபோது ஒவ்வொரு கிலோ கொழுப்புக்கும் கூடத் திரும்பியது 120 கிராம். ஆறு கிலோ குறைத்து ஆறு கிலோ திரும்ப ஏற்றியவர் பழைய இடத்துக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார். இயந்திரமும் அப்படித்தான் காட்டுகிறது. உண்மையில் அவர் முன்பைவிடக் கொழுப்பு கூடியவர், தசை குறைந்தவர். தசை குறைந்தால் ஓய்வு நேரக் கலோரி பெரிதாகக் குறையாது என்று சற்றுமுன் பார்த்தோம். ஆனால் மாடி ஏறும் தெம்பு குறையும், நடை சுருங்கும், சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் இடம் குறையும். லெவைன் அளந்த அந்தக் கணக்கில் வராத அசைவுகள் எல்லாம் தசையின் தெம்பைப் பொறுத்தவை. முப்பதில் ஒரு பேலியோ, முப்பத்தெட்டில் ஒரு கீட்டோ, நாற்பத்தைந்தில் மகள் கல்யாணத்துக்காக ஒரு ஜூஸ் விரதம் என்று போய் வந்தவருக்கு ஐம்பதில் கடினமாவது வயதால் மட்டும் இல்லை. ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றுக்கான முதலைக் கரைத்துவிட்டுப் போயிருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து ஹால் அளந்தபோது, அவர்களுடைய ஓய்வு நேர எரிப்பு இருக்க வேண்டியதைவிட நாளைக்கு 500 கலோரி குறைவாக இருந்தது. அடுப்பு தணிந்தது அவர்களுக்குத்தான். தணித்தது வயது இல்லை, அசுர வேகத்தில் இறக்கிய எடை.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று ஒன்று இருக்கிறது. வயதானால் எடை இறக்குவது கடினம் என்ற எண்ணத்தையே அது அசைத்துப் பார்க்கும். அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த தடுப்பு ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. உணவு, நடை இரண்டையும் திருத்தியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. அறுபதைக் கடந்தவர்களுக்கோ 71 சதவீதம். எடையை அதிகம் குறைத்தவர்களும் அவர்கள்தான். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்த ஐயாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்விலும் நாலு வருட முடிவில் முதியவர்கள் இளையவர்களை முந்தியிருந்தார்கள். வயதானால் எடை இறங்காது என்ற பேச்சுக்கே இடமில்லையே? இப்படி ஆய்வுக்கு முன்வரும் முதியவர்கள் பொதுவாகவே ஆரோக்கியமும் ஊக்கமும் உள்ளவர்கள் என்று பதில் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. எனக்கு இன்னொரு விளக்கம் கூடுதலாகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது: ஓய்வு பெற்றவருக்கு நேரம் இருக்கிறது. காலை ஏழரைக்குப் பள்ளி வேன், எட்டரைக்கு மின்சார ரயில், இரவு ஒன்பதரைக்குச் சாப்பாடு என்ற வாழ்க்கை அவரை விட்டுப் போய்விட்டது. எடை குறைப்பதில் மிகக் கடினமான வயது எது என்றால் எழுபது இல்லை. முப்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவே. அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருக்கும் அதே இருபது வருடங்கள்.

இந்தியர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் பிறப்பிலேயே வருகிறது. புனேயின் டாக்டர் சி. எஸ். யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் ஜான் யட்கினும் 2004இல் ‘லான்செட்’டில் தங்கள் படத்தையே போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3, இருவரும் பார்க்க ஒல்லி. யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. இயந்திரம் இருவருக்கும் ஒரே சான்றிதழைக் கொடுத்துவிட்டது. அதனால்தான் நமக்குப் பிஎம்ஐ 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று தனி எல்லையும் வைத்திருக்கிறார்கள். தையல்காரரின் டேப் நமக்குச் சொல்லும் சங்கதி எடை இயந்திரம் சொல்வதைவிட அதிகம். எடை இயந்திரம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்குச் சென்னையிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய தடுப்பு ஆய்வு 2006இல் வெளிவந்தது. உணவையும் நடையையும் திருத்தியவர்களில் மூன்று வருடத்தில் நோய் வந்தவர்கள் 39.3 சதவீதம்; ஒன்றும் செய்யாதவர்களில் 55 சதவீதம். இத்தனைக்கும் திருத்தியவர்களின் எடை குறிப்பிடும்படி இறங்கவே இல்லை. எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த யாரும் அவர்கள் தோற்றுவிட்டார்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே ஐம்பதில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கிலோ இறக்குவது என்பதைவிட, இறக்கும்போது எதைக் காப்பாற்றுவது என்பதுதான். 65 வயதைக் கடந்த பருமனான 160 பேரை வைத்து டென்னிஸ் வில்லாரியல் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், உணவைக் குறைத்து நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்களும், பளு தூக்கியவர்களும், இரண்டையும் செய்தவர்களும் ஒரே அளவாக 9 சதவீதம் எடை குறைந்தார்கள். முதல் வகையினர் தசைப்பகுதியில் 5 சதவீதத்தை இழந்தார்கள். பளு தூக்கியவர்கள் 2 சதவீதம்தான் இழந்தார்கள். இந்த வயதில் போய் பளுவா என்று கேட்பவர்களுக்கு 1990இலேயே பாஸ்டனில் பதில் கிடைத்துவிட்டது. மரியா ஃபியட்டரோன் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்குக் கனமான பயிற்சி கொடுத்தார். வலிமை 174 சதவீதம் கூடியது, தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் பெருத்தது, ஒரு பாதத்தின் முன் மறு பாதம் வைத்து நடக்கும் வேகம் 48 சதவீதம் ஏறியது. பயிற்சிக்கு ஈடாகத் தட்டிலும் ஏதாவது இருக்க வேண்டும். முதியவர்களுக்குக் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்று வல்லுநர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராமுக்கு மேல். நாம் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் நாடு முழுக்கச் சுற்றி அளந்து சொல்லியிருக்கிறார்கள். மூன்று இட்லியும் சாம்பாரும் தருவது பத்துக் கிராம் புரதம்தான். வயதானவர்கள் “ராத்திரிக்கு லேசா ரெண்டு இட்லி போதும்” என்று முடித்துக்கொள்ளும்போது எடை குறையலாம். குறைவது எது என்பதுதான் கேள்வி. ஒரு முட்டை ஆறு கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் பத்துக் கிராமுக்கு மேல். மீனும் தயிரும் பயறும் அவரவர் வழக்கத்துக்கு.

எழுபதை நெருங்கும்போது கணக்கே திசை மாறிவிடுகிறது. அமெரிக்காவில் ஆரோக்கியமான முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். சராசரி வயது 67. பத்தாம் நாள் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசைப்பகுதி கரைந்திருந்தது. டெங்குவோ இடுப்பெலும்பு முறிவோ வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வருகிறவர் எடை குறைந்து ‘ஸ்லிம்’ ஆகி வந்திருப்பதாக உறவினர்கள் மகிழ்வதுண்டு. அவர் இழந்தது எழுந்து கழிப்பறைக்குப் போகத் தேவையான சரக்கு. அந்த வயதில் ஒருவர் எந்த முயற்சியும் செய்யாமல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இழந்தால், உதாரணமாக 60 கிலோக்காரர் 57க்குக் கீழே வந்தால், மருத்துவம் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. பல், விழுங்கும் சிரமம், தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, மறதிநோய் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கிறது.